கைபடாத எண்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி சூதாட்டத்தைப் பற்றியவை. சீட்டுக்கட்டு, குதிரை, ரம்மி எல்லாம் ஊரறிந்த விஷயம். அதிகம் பேசப்படாத வகைகளைக் கேட்டவர்களுக்கு மட்டும் இந்த முறை இடம்.

ஆம்பூர்: ‘காட்டன் சூதாட்டம், மூவர் கைது’ என்று பேப்பரில் மாதம் ஒருமுறையாவது வருகிறது. எங்கள் ஊரில் தோல் உண்டு. பருத்தி எங்கே இருந்து வந்தது?

நியூயார்க்கிலிருந்து. அங்கே பருத்திச் சந்தை திறக்கும்போது ஒரு விலை, மூடும்போது ஒரு விலை. இரண்டும் டெலிபிரிண்டரில் பம்பாய் பருத்திச் சந்தைக்கு வந்துசேரும். அந்த விலையின் இலக்கங்கள் என்னவாக இருக்கும் என்று பம்பாயில் பந்தயம் கட்டினார்கள். பருத்தியைக் கண்ணால் பார்த்திராதவர்களும் கட்டினார்கள். 1961இல் நியூயார்க் சந்தை இந்த வழக்கத்தை நிறுத்தியது. எண் வரும் ஊற்று வற்றியதும் ஆட்டம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. 1962இல் கல்யாண்ஜி பகத் என்பவர் பம்பாயின் வொர்லி பகுதியில் தானே எண் எடுக்க ஆரம்பித்தார். 1964இல் ரத்தன் கத்ரி என்பவர் இன்னொன்றைத் தொடங்கினார். மண்பானையில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்ததால் ‘மட்கா’. பம்பாய் ஆலைத் தொழிலாளிகளின் கூலி ஆண்டுக்கணக்காக அந்தப் பானைக்குள் போயிற்று. நம் பக்கம் பானையின் பெயர் ஒட்டவில்லை, பஞ்சின் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. நியூயார்க் விலையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பம்பாயில் எவ்வளவு பெரிய சேட்டாக இருந்தாலும் அந்த எண்ணில் கைவைக்க முடியாது. பணம் கட்டுகிறவன் நம்பியது அதைத்தான். உலகத்தில் நடக்கும் விசித்திரமான சூதாட்டங்களை வரிசையாகப் பாருங்கள்: எல்லாமே யார் கையும் படாத ஓர் எண்ணைத் தேடிப் போனவை.

ராஜபாளையம்: பருத்திக்கு முன்னால்?

அபினி. கல்கத்தாவில் கம்பெனி அரசாங்கம் அபினியை ஏலம் விடும். அந்த ஏலத்தில் சராசரி விலை எவ்வளவு போகும் என்று பம்பாயில் இருந்தபடியே வியாபாரிகள் பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் பணம் தர மறுக்க, வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ராம்லால் தாக்கூர்சீதாஸ் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. இந்தியாவில் பந்தயம் செல்லாது என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆகவே செல்லும் என்பது தீர்ப்பு. ஓட்டையை அடைக்க 1848இலேயே ஒரு சட்டம் வந்தது: பந்தயப் பணத்தைக் கேட்டு நீதிமன்றத்துக்கு வர முடியாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு அதன் வாரிசு. பந்தயத்தில் ஜெயித்த பணத்துக்கு இன்றும் நம் ஊரில் வழக்குப் போட முடியாததன் தொடக்கம் ஓர் அபினி ஏலம்.

சிவகங்கை: மழை பெய்யுமா பெய்யாதா என்று காசு கட்டுவார்களாமே? எங்கள் விவசாயமே அதுதான், ஐயா.

உங்கள் பந்தயத்தில் தோற்றால் சோறு போகிறது, அதனால் அதை நான் சூது என்று சொல்லமாட்டேன். கல்கத்தா பெரிய பஜாரில் நடந்தது வேறு. அங்கே மார்வாரி வியாபாரிகள் மாடியில் தேங்கும் மழைநீர் குழாய் வழியே வழிந்து விழுமா விழாதா என்று கட்டினார்கள். தூறல் போதாது, நீர் வழிந்தாக வேண்டும். நேரம் குறித்து, வானத்தைப் பார்த்துப் பார்த்து, மேகம் கறுக்கக் கறுக்கப் பந்தய விகிதம் மாறும். வானம் பார்ப்பதில் தேர்ந்தவர்களின் பேச்சுக்கு அங்கே தனி மரியாதை.

வங்காள அரசு 1897இல் சட்டம் போட்டு இதைத் தடுத்தது. இது எங்கள் வழக்கம், எங்கள் வியாபாரத்தின் ஒரு பகுதி என்று அந்த வணிகர்கள் வாதாடினார்கள். வாதம் எடுபடவில்லை. கல்கத்தாவின் வெள்ளைக்காரர்களுக்குக் குதிரைப் பந்தயம் இருந்தது, அதற்கு எந்தத் தடையும் வரவில்லை. தடுத்தது சரியா தவறா என்பது இருக்கட்டும். யாருடைய சூது விளையாட்டு, யாருடைய சூது குற்றம் என்பதை ஆட்சியில் இருப்பவர் தீர்மானிக்கிறார். அந்த அநியாயம் எனக்கு உறுத்துகிறது.

கோவை: மழைச்சூது அதோடு செத்துப்போனதா?

கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டது. சிகாகோ சந்தையில் 1999 முதல் வெப்பநிலையை வைத்தே ஒப்பந்தங்கள் வாங்கி விற்கிறார்கள். குளிர்காலம் குளிராமல் போனால் எரிவாயு விற்பனை படுத்துவிடும் நிறுவனங்களுக்கு அது காப்பீடு. எரிவாயுவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அதே ஒப்பந்தத்தை வாங்குகிறவருக்கு? கல்கத்தா மொட்டைமாடிதான்.

ஈப்போ: இங்கே ரோட்டில் கார் மோதிக் கிடந்தால் நம் ஆட்கள் சிலர் முதலில் நம்பர் பிளேட்டைத்தான் பார்க்கிறார்கள். நாலு நம்பர் லாட்டரியில் விபத்து நம்பருக்கு ராசி அதிகம் என்று என் மாமாவும் சொல்கிறார். உண்மையா?

மாமாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். குலுக்கும் இயந்திரத்துக்கு எந்தக் கார் எங்கே மோதியது என்று தெரியாது. சிங்கப்பூரில் நடக்கும் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்கள் பரிசு பெறும். ‘பிக்’ வகையில் ஒரு டாலர் கட்டினால் முதல் பரிசு 2000, இரண்டாவது 1000, மூன்றாவது 490. அடுத்த பத்துக்குத் தலா 250, கடைசிப் பத்துக்குத் தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6590. பத்தாயிரம் எண்ணையும் ஒருவரே பத்தாயிரம் டாலருக்கு வாங்கினால் கைக்கு வருவது 6590 டாலர். அதாவது கட்டும் ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 34 சென்ட் போய்விடுகிறது, எந்த எண்ணாக இருந்தாலும்.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. காரில் அடிபட்டவருக்கு உதவ ஓடுகிற ஆள் குறைகிறார். மாமாவிடம் இதையும் சொல்லுங்கள்.

நாகர்கோவில்: கனவில் பாம்பு வந்தால் இன்ன எண் என்று சொல்லும் புத்தகம் நிஜமாகவே இருக்கிறதா?

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் பரம்பரை பரம்பரையாக இருக்கிறது. ‘ஸ்மோர்ஃபியா’ என்று பெயர். 1 முதல் 90 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு காட்சி. கனவில் இறந்தவர் வந்தால் 47. அவரே வந்து பேசினால் 48. பயந்து எழுந்தால் 90. ஏன் 90 வரை? அதற்கு ஜெனோவா நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே ஆட்சி மன்றத்துக்கு ஐந்து பேரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்பார்கள். 90 பெயர்களில் எந்த ஐந்து வரும் என்று மக்கள் காசு கட்டினார்கள். பிறகு பெயர்களுக்குப் பதில் எண்கள் வந்தன, செனட்டர்கள் தேவையில்லாமல் போனார்கள். உலகத்து லாட்டரிகளில் பாதிக்கு அதுதான் பாட்டி.

நம் நாட்டிலேயே கனவை எண்ணாக்கும் ஊர் ஒன்று உண்டு: ஷில்லாங். அங்குள்ள காசி பழங்குடி மக்களின் வில்வித்தையோடு சேர்ந்த ‘தீர்’ ஆட்டம். பிற்பகலில் போலோ மைதானத்தருகே வில்லாளிகள் அரைவட்டமாக உட்கார்ந்து, உருளை வடிவ இலக்கு ஒன்றின் மேல் அம்பு எய்கிறார்கள். முதல் சுற்றில் ஆளுக்கு 30 அம்பு, இரண்டாவதில் 20. தைத்த அம்புகளைக் கூட்டத்தின் நடுவே எண்ணுவார்கள். 723 தைத்திருந்தால் அன்றைய எண் 23. மேகாலயாவில் 1982 முதல் இது சட்டப்படி நடக்கிறது, அரசு வரியும் வாங்குகிறது. காலையில் டீக்கடையில் ராத்திரிக் கனவைச் சொல்வார்கள், பக்கத்தில் இருப்பவர் எண் சொல்வார்.

எண்ணும் இடம் திறந்தவெளி, எய்கிறவர் பலர். ஆகவே எண்ணில் கைவைப்பது கஷ்டம். கணக்கு மட்டும் வழக்கம்போலத்தான். நூறு எண்களில் ஒன்றைச் சரியாகச் சொன்னால் முதல் சுற்றில் ரூபாய்க்கு 80 தருவது வழக்கம். ரூபாயில் 20 பைசா நடத்துபவர் பக்கம். இரண்டாவது சுற்றுக்கு ரூபாய்க்கு 60, அதாவது 40 பைசா போகிறது. இரண்டு சுற்றையும் சேர்த்துச் சொன்னால் ரூபாய்க்கு 4000. கேட்கவே வாய் ஊறும். ஆனால் சேர்க்கைகள் பத்தாயிரம், எனவே 60 பைசா போய்விடுகிறது. ஆசை ஏற ஏற அவர்கள் பங்கும் ஏறுகிறது. இந்த ஒரு வாய்ப்பாடு தெரிந்தால் எந்த ஊரிலும் எந்தப் பரிசுச் சீட்டையும் நீங்களே எடைபோடலாம்: மொத்தம் எத்தனை வாய்ப்பு, ஜெயித்தால் எத்தனை மடங்கு. இரண்டுக்கும் இடையில் உள்ள பள்ளம்தான் உங்கள் காசு விழும் இடம்.

திருநெல்வேலி: மிருகக்காட்சிச் சாலையில் பிறந்த சூதாட்டம் என்று எங்கோ படித்தேன். கதை விடுகிறார்களா?

நிஜம். 1892, ரியோ டி ஜெனிரோ. பிரேசிலில் மன்னராட்சி போய்க் குடியரசு வந்த புதிது. ட்ரம்மண்ட் என்ற பிரபு விலா இசபெல் பகுதியில் மிருகக்காட்சிச் சாலை நடத்திவந்தார். அரசு தந்துவந்த உதவித்தொகை நின்றுபோக, விலங்குகளுக்குத் தீனி போடப் பணம் வேண்டும். நுழைவுச்சீட்டு ஒவ்வொன்றிலும் 25 விலங்குகளில் ஒன்றின் படத்தை அச்சிட்டார். காலையில் ஒரு விலங்கின் படம் மூடிய பெட்டியில் உயரே ஏறும், மாலையில் திறக்கும். உங்கள் சீட்டில் அதே விலங்கு இருந்தால் சீட்டுப் பணத்தைப்போல் இருபது மடங்கு.

சில நாளிலேயே விலங்கைப் பார்க்க யாரும் வரவில்லை. சீட்டு வாங்கத்தான் வந்தார்கள். கொஞ்ச காலத்தில் சீட்டு வாங்க மிருகக்காட்சிச் சாலைக்கே போக வேண்டியதில்லை என்றாகி, ஆட்டம் தெருவுக்கு வந்தது. ‘ஜோகோ டோ பிஷோ’, விலங்கு ஆட்டம். நூறு எண்களை 25 விலங்குகளுக்கு நாலு நாலாகப் பிரித்தார்கள். தீக்கோழிக்கு 01 முதல் 04, அப்படியே போய்ப் பசுவுக்கு 97 முதல் 00. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஆடலாம். தெருமுனையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவார். அந்தக் காகிதத்துக்கு எந்தச் சட்ட மதிப்பும் கிடையாது. ஆனாலும் ஜெயித்தவருக்குப் பணம் வந்துவிடும், ஒருநாள் ஏமாற்றினால் மறுநாள் யாரும் வரமாட்டார்கள் என்பதால். சட்டம் இருபதாம் நூற்றாண்டு முழுக்கத் தடுத்தும் ஆட்டம் சாகவில்லை.

இதில் அழகிய முகம் ஒன்று உண்டு: ரியோ கார்னிவலில் ஆடும் சம்பா பள்ளிகள் பலவற்றுக்குப் பணம் தந்தவர்கள் இந்த ஆட்டத்தின் முதலாளிகள். கோர முகமும் உண்டு. பகுதி பிரித்துக்கொள்வதில் கொலைகள், போலீசுக்கு மாமூல், அரசியல்வாதிகளுக்குப் பங்கு. 1993இல் டெனிசி ஃப்ரோசார்ட் என்ற பெண் நீதிபதி, இந்த முதலாளிகள் 14 பேரை ஒரே தீர்ப்பில் சிறைக்கு அனுப்பினார். மிரட்டல்களுக்கு நடுவே எழுதிய தீர்ப்பு அது. சம்பா ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அந்த அம்மையாரின் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

மதுரை: சேவல், கிடாய், மாடு... இதைவிடச் சின்ன உயிரை வைத்து ஆடுவார்களா?

சிள்வண்டு. சீனாவில் பல நூற்றாண்டாக. ஷாண்டோங் மாகாணத்து நிங்யாங் பகுதி வண்டுகளுக்கு மவுசு அதிகம். நம் சேவற்காரர்கள் ஜாதி பார்ப்பதுபோல் அங்கே தலை நிறம், தாடை, கால் எல்லாம் பார்ப்பார்கள். நுணுக்கத் தராசில் நிறுத்து, சம எடையுள்ள இரண்டை மோதவிடுவார்கள். மெல்லிய புல்லால் மீசையைத் தடவிச் சீண்டுவார்கள். தோற்றது பின்வாங்கும், ஜெயித்தது பாடும். தெற்கு சோங் அரசின் பெரிய அமைச்சர் ஜியா சிதாவ் பெயரில் சிள்வண்டு வளர்ப்பு நூலே உண்டு. மங்கோலியர் எல்லையை உடைத்துக்கொண்டு வரும்போது அவர் வண்டுச் சண்டை பார்த்துக்கொண்டிருந்தார் என்று சீனர்கள் இன்றும் திட்டுகிறார்கள்.

அதைவிடச் சின்னதா? ஈ. ஆளுக்கொரு சர்க்கரைக்கட்டி வைத்து, ஈ முதலில் எதில் உட்காருகிறதோ அவருக்குப் பணம். வெள்ளைக்காரர்களின் பழைய பொழுதுபோக்கு.

தஞ்சாவூர்: என் பையனின் நீட் ரிசல்ட்டுக்கு அவன் சித்தப்பா பந்தயம் கட்டுகிறார். தேர்வு முடிவில்கூடவா?

சித்தப்பாவை நிறுத்தச் சொல்லுங்கள். பையனின் முதுகில் ஏற்கெனவே போதுமான பாரம் இருக்கிறது.

வரலாற்றைக் கேட்டால், இதைப் பெரிய தொழிலாகவே நடத்தியது கான்டன் நகரம். சீன அரசுத் தேர்வில் எந்தெந்தக் குடும்பப் பெயர்க்காரர்கள் தேறுவார்கள் என்று பந்தயம். ‘வெய்சிங்’ என்பார்கள். சான், லீ போன்ற எங்கும் உள்ள பெயர்கள் கணக்கில் வராது. அரிய பெயர்களாக இருபதைத் தேர்ந்தெடுத்துக் கட்ட வேண்டும். பெரிய கல்விமான்கள்கூடக் கட்டினார்கள், எந்தப் பிள்ளை நன்றாக எழுதுவான் என்று அவர்களுக்குத் தெரியும் அல்லவா! கான்டனில் தடுத்தால் ஆட்டம் மக்காவ் நகரத்துக்குப் போய்விடும், வரிப்பணமும் கூடவே போகும். அதனால் 1880களில் ஆளுநர் ஜாங் ஜிதோங் கடலோரப் பாதுகாப்புக்கு நிதி வேண்டுமென்று மறுபடி அனுமதித்தார்.

தீமை எங்கே வந்தது தெரியுமா? பணம் கட்டியவர்கள் தேர்வு நடத்துபவருக்கு லஞ்சம் தர ஆரம்பித்தார்கள். அரிய பெயருள்ள ஒரு மக்குப் பிள்ளை தேறினான், ஊரே எதிர்பார்த்த ஒரு நல்ல பிள்ளை தோற்றான். யாரும் கைவைக்க முடியாது என்று நம்பித் தேர்ந்தெடுத்த ஒன்றைச் சூதே வந்து கெடுத்தது. 1905இல் அந்தத் தேர்வு முறையையே அரசு ஒழித்தபோது வெய்சிங்கும் முடிந்தது.

தூத்துக்குடி: போப்பாண்டவர் தேர்தலுக்கும் பந்தயம் உண்டாமே?

இருந்தது, ரோம் நகர வங்கித் தெருவிலேயே. யார் போப் ஆவார், எத்தனை காலம் உயிரோடு இருப்பார், யார் கார்டினல் ஆவார் என்றெல்லாம். 1591இல் போப் பதினான்காம் கிரகோரி தடுத்தார். மீறினால் திருச்சபையிலிருந்தே விலக்கு.

சென்னை: நான் எல்.ஐ.சி. ஏஜென்ட். யாருடைய உயிருக்குப் பாலிசி, அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று கேட்டாலே சிலருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனைச் சொல்லுங்கள். அங்கே யாரும் யாருடைய உயிருக்கும் பாலிசி எடுக்கலாம். அமைச்சர் காய்ச்சலில் படுத்தால் அவர் தேறுவாரா என்று முன்பின் தெரியாதவர்கள் பணம் கட்டினார்கள். படுத்திருப்பவரே அதைச் செய்தித்தாளில் படிக்கலாம். 1774இல் சட்டம் வந்தது: எவர் சாவதால் உங்களுக்கு நிஜமாகவே நஷ்டமோ அவர் உயிருக்குத்தான் பாலிசி. நீங்கள் கேட்கும் கேள்வியின் வேர் அது. பக்கத்து வீட்டுக்காரர் சாவதில் எனக்கு லாபம் இருக்கக் கூடாது. இதைவிட அவசியமான சட்டம் காப்பீட்டில் இல்லை என்பேன்.

அந்தச் சட்டத்தையும் தாண்டி ஒரு கொடுமை நடந்தது. லண்டனில் வாழ்ந்த பிரெஞ்சு தூதர் ஷெவலியே டியோன் ஆணா பெண்ணா என்று ஊரே பந்தயம் கட்டியது. பாலிசி எழுதி, பிரீமியம் வாங்கி, முறையாகவே. 1777இல் அது நீதிமன்றத்துக்கு வந்தது. சாட்சிகள் ஏறி ஒரு மனிதரின் உடம்பைப் பற்றி, அவர் அனுமதியில்லாமல், சபை நடுவே பேசினார்கள். அடுத்த ஆண்டு இதே விஷயத்தில் வந்த இன்னொரு வழக்கில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட், மூன்றாவது மனிதரை அவமானப்படுத்தும் பந்தயத்துக்கு நீதிமன்றம் துணைபோகாது என்று தீர்ப்புச் சொன்னார். டியோன் 1810இல் சாகும்வரை பெண்ணாகவே வாழ்ந்தார். அவரை விட்டுவைத்திருக்கலாம்.

உயிரை வைத்த சூதில் மிகக் கெட்டிக்காரத்தனமானது ஜெனீவாவில் நடந்தது. பிரெஞ்சு அரசு கடன் வாங்க ஒரு வழி வைத்திருந்தது. மொத்தமாகப் பணம் தந்தால், நீங்கள் பெயர் சொல்லும் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை வருஷா வருஷம் வட்டி வரும். அந்த ஒருவரின் வயதை அரசு பார்க்கவில்லை! கிழவருக்கும் குழந்தைக்கும் ஒரே வட்டி. ஜெனீவா வங்கியாளர்கள் விடுவார்களா? டாக்டர்களை வைத்துக்கொண்டு நல்ல குடும்பத்துச் சிறுமிகளாகப் பார்த்தார்கள். பெரியம்மை வந்து பிழைத்தவர்களாக, ஏனென்றால் அது மறுபடி வராது. ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகள் அதிக காலம் வாழ்வார்கள் என்பதையும் கண்டிருந்தார்கள். அப்படி முப்பது சிறுமிகள். ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அந்த முப்பது மூச்சின் மேல் நின்றது. ஒரு சிறுமிக்கு இருமல் என்றால் ஊர் தூங்காது.

கணக்கு பிசகவில்லை, சிறுமிகள் நன்றாகவே வாழ்ந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சி வந்து, மதிப்பிழந்த காகிதப் பணத்தில் வட்டி தந்தபோது வங்கியாளர்கள் கவிழ்ந்தார்கள். சிறுமிகளின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர்கள் அரசாங்கத்தின் நாடியைப் பார்க்கத் தவறினார்கள்.

கும்பகோணம்: பகடைக்கு முன்னால் நம் நாட்டில் எதை உருட்டினார்கள்?

தான்றிக்காய். திரிபலா சூரணத்தில் கடுக்காய், நெல்லிக்காயோடு சேருமே, அதே காய். ரிக் வேதத்தின் பத்தாவது மண்டலத்தில் ஒரு சூதாடியின் புலம்பல் இருக்கிறது, அவன் ஆடியதும் இதை வைத்துத்தான். குவியலிலிருந்து காய்களை எடுத்து நாலு நாலாகக் கழிப்பார்கள். மீதியில்லாமல் வந்தால் கிருதம், ஒன்று மிஞ்சினால் கலி, தோல்வி. ஆக, குவியலைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிக்கை சொல்லக்கூடியவன் தோற்கமாட்டான்.

இது தெரிந்தபின் நளன் கதையைத் திரும்பப் படியுங்கள். மகாபாரதத்தில், நளனோடு தேரில் போகும்போது மன்னன் ரிதுபர்ணன் ஒரு தான்றி மரத்தைக் காட்டி, இந்த இரண்டு கிளைகளில் 2095 காய்கள் என்று சொல்கிறான். நளன் மரத்தை வெட்டி எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. அந்த எண்ணும் வித்தையை வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் குதிரை வித்தையைக் கொடுக்கிறான். அப்போது கலி நளன் உடம்பைவிட்டு வெளியேறி அதே தான்றி மரத்தில் புகுகிறான். சூதில் நாட்டை இழந்தவனைப் பிடித்த பேய், கணக்குத் தெரிந்ததும் ஓடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கதைசொல்லி இதை எவ்வளவு துல்லியமாகக் கோத்திருக்கிறார் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு.

திருப்பூர்: என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். சனிக்கிழமை சம்பளம் வந்தால் பாதி நம்பருக்குப் போகிறது. இழந்ததை எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறேன் என்கிறார். நம்பலாமா?

அம்மா, அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார். நோயின் அடையாளமே அந்த நம்பிக்கைதான். இழந்ததைத் துரத்துவதை மருத்துவர்கள் முக்கியமான அறிகுறியாகவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் சூதாட்ட நோயைக் குடி, போதையோடு ஒரே பிரிவில் சேர்த்தது. ஆகவே சாமி மேல் சத்தியம் வாங்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வர மறுத்தால் நீங்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழில் பேசலாம். அதுவரை சம்பளம் உங்கள் கைக்கோ உங்கள் பேர் உள்ள வங்கிக் கணக்குக்கோ வர ஏற்பாடு செய்யுங்கள். அவருக்காக நீங்கள் கடன் வாங்கி அடைக்காதீர்கள். அடைத்த கடன் அவருக்கு அடுத்த ஆட்டத்துக்கான முதலாகிவிடும். நகையைப் பிறந்த வீட்டில் வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாழ்ப்பாணம்: அண்ணை, ஆரும் களவு செய்யேலாத சூதாட்டம் எண்டு ஒண்டு இருக்கோ?

தம்பி, அப்படி நினைத்து ஏமாந்த ஊர் நியூயார்க்கின் ஹார்லெம். 1920களில் அங்கே கறுப்பின மக்கள் மூன்று இலக்க எண்ணுக்குக் காசு கட்டினார்கள். எண் எங்கிருந்து? வங்கிகளின் தீர்வகம் தினமும் வெளியிடும் மொத்தத் தொகையிலிருந்து. கோடிக்கணக்கான டாலர் காசோலைகளின் கூட்டுத்தொகையை யார் திருத்த முடியும்? பிறகு தீர்வகம் முழு எண்ணை வெளியிடுவதை நிறுத்தியது. உடனே குதிரைப் பந்தய மைதானத்தின் மொத்த வசூலுக்கு மாறினார்கள். அங்கே வந்து சேர்ந்தார் ஓட்டோ பெர்மன், டச் ஷூல்ட்ஸ் என்ற கொள்ளையனின் கணக்கப்பிள்ளை. எந்த எண்ணில் மக்கள் அதிகம் கட்டியிருக்கிறார்கள் என்று போனில் கேட்டுக்கொள்வார். கடைசி ஓட்டத்துக்கு முன் மனக்கணக்குப் போட்டு, தானும் கொஞ்சம் பந்தயம் கட்டி, மொத்தத்தின் இலக்கத்தை நகர்த்திவிடுவார். அவ்வளவு கூர்மையான மூளை ஏழைகளின் சில்லறையைத் திருடப் போயிற்றே என்று வருத்தமாக இருக்கிறது. 1935இல் ஷூல்ட்ஸோடு சேர்த்து அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

அரசு லாட்டரியும் தப்பவில்லை. 1980 ஏப்ரலில் பென்சில்வேனியாவில் 4, 6 தவிர மற்றப் பந்துகளுக்குள் பெயிண்ட் ஏற்றிக் கனமாக்கிவிட்டார்கள். வந்த எண் 666. குலுக்கலை டிவியில் நடத்தியவரே உடந்தை, ஜெயிலுக்குப் போனார்.

நெய்வேலி: சூதாட்டத்தால் யாருக்காவது, எப்போதாவது, ஏதாவது நன்மை?

அலாஸ்காவில் நெனானா என்ற சின்ன ஊர், பக்கத்தில் டனானா ஆறு. குளிர்காலத்தில் ஆறு உறையும், வசந்தத்தில் உடையும். 1917இல் அங்கே ரயில்பாதை போட வந்தவர்கள், பனி எந்த நாள் எந்த நிமிஷம் உடையும் என்று தங்களுக்குள் 800 டாலர் திரட்டிப் பந்தயம் கட்டினார்கள். இன்றுவரை வருஷந்தோறும் நடக்கிறது. உறைந்த ஆற்றின் நடுவே மரச்சட்டங்களால் ஒரு கோபுரம் நிறுத்துவார்கள். அதிலிருந்து ஒரு கயிறு கரையில் உள்ள கடிகாரத்துக்கு. பனி உடைந்து கோபுரம் நூறு அடி நகர்ந்ததும் கயிறு இழுபட்டுக் கடிகாரம் நிற்கும். அந்த நிமிஷத்தைச் சொன்னவர்களுக்குப் பரிசு, சில வருஷம் 3 லட்சம் டாலருக்கு மேலே.

பணம் இருப்பதால் பல நூறு கண்கள் அந்தக் கடிகாரத்தின் மேல். ஒரு வருஷம்கூட விடுபடாமல், நிமிஷம் தவறாமல், ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்த பதிவு அது. எந்த அரசாங்கமும் அந்த ஆற்றுக்கு அப்படி ஒரு பதிவேட்டை அந்தக் காலத்தில் வைத்திருக்காது. 2001இல் இரண்டு விஞ்ஞானிகள் அதை எடுத்துப் பார்த்து, பனி உடையும் நாள் 1917இலிருந்து சராசரியாக ஐந்து நாளுக்கு மேல் முன்னால் வந்துவிட்டது என்று ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அதற்குப் பிறகும் நகர்ந்திருக்கிறது: 2019இல் ஏப்ரல் 14ஆம் தேதியே உடைந்தது. நூறு வருஷத்தில் அவ்வளவு சீக்கிரம் உடைந்ததில்லை. பனி மெலிவதை அந்த ஊர்க்காரர்கள் பந்தயச் சீட்டிலேயே படிக்கிறார்கள்.

சேலம்: கடைசியாக ஒன்று. நடத்துகிறவனுக்குப் பங்கு போகாத ஆட்டம் உலகத்தில் எங்காவது உண்டா?

ஆஸ்திரேலியாவின் ‘டூ அப்’. ஒரு மரக்கட்டையில் இரண்டு காசு வைத்து மேலே சுண்டுவார்கள். இரண்டும் தலை அல்லது இரண்டும் பூ. ஒன்று தலை, ஒன்று பூவாக விழுந்தால் மறுபடி சுண்ட வேண்டும். எதிரில் நிற்பவரோடு நேருக்கு நேர் பந்தயம், தோற்றவர் பணம் ஜெயித்தவர் கைக்கு நேராகப் போகிறது. முதல் உலகப் போரில் அவர்கள் நாட்டுச் சிப்பாய்கள் பதுங்குகுழிகளில் ஆடியது. அதனால் போரில் இறந்தவர்களை நினைக்கும் ஆன்சாக் தினமான ஏப்ரல் 25இல் நியூ சவுத் வேல்ஸில் மதுக்கூடங்களிலும் வீரர் மன்றங்களிலும் சட்டப்படி ஆடலாம். கிழவர்கள் பதக்கம் குத்திக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு நின்று சுண்டுவார்கள். ஏப்ரல் 26 காலையில் அதே இடத்தில் அதே காசைச் சுண்டினால் குற்றம். புரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊருக்கு மட்டும் வருஷம் முழுக்க அனுமதி தர வழி செய்திருக்கிறார்கள்.